ஒரு நாற்காலிக்கு மட்டும்

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. துணி துவைக்கும் மெஷினைப் போட்டால்கூட அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். ஹாம்பர்க்குக்கு வந்து ஒன்பது வருடமாகியும் இந்த அமைதி எனக்குப் பழகவில்லை. அப்படியொரு ஞாயிறு காலையில்தான் என் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் அடிக்குரலில் உறுமத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, காதைக் கீறும் விசிலாக முடிந்தன. ஐந்தே நிமிடத்தில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அறையைச் சரிசெய்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிச் சுவரைப் பார்த்தார். இடிப்பதாக இருந்தால் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுதி வாங்க வேண்டும் என்றார். இடிக்கவில்லை, அளக்கிறேன் என்றேன். அளப்பதற்கு டேப் போதுமே என்றார். அதற்கு மேல் என் ஜெர்மன் நகராது. மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் வெறும் சுவர்கள் அதைக் கெடுத்துவிடும். சில தாழ்ந்த ஒலிகள் வீங்கிவிடும், சில காணாமல் போகும். ரூம் கரெக்ஷன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நாம் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்திவைத்தால், அந்த உறுமலை ஓடவிட்டுக் கேட்டு, அறை செய்யும் கோளாறை மேடும் பள்ளமுமாக வரைந்து காட்டும். பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் மேட்டை வெட்டிவிட்டு அனுப்பும். பள்ளத்தை மட்டும் அது தொடாது. அதில் எவ்வளவு சத்தத்தைக் கொட்டினாலும் அறை விழுங்கிவிடுமாம். இந்தத் திருத்தம் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் செல்லும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் பழைய இரைச்சல்தான். அது சொன்ன இடத்துக்காக, சன்னலைப் பார்த்தபடி இருந்த என் நாற்காலியை நடு அறைக்கு இழுத்துப் போட்டேன். சன்னல் என் முதுகுக்குப் பின்னால் போனது.

எங்கள் வீடு வரதராஜன்பேட்டையில். அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக் கல்லை உடைக்கும் கிரஷரில் இருபத்தெட்டு வருடம் நின்றவர். அங்கே கத்திப் பிரயோஜனமில்லை. உதட்டசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் மாதா கோயிலுக்கும் வந்துவிட்டது. பூசையில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பெண்கள் பக்கத்தில், சாமியார் பிரசங்கத்துக்குத் தலையாட்டித் தூங்கும் என்னைப் பார்த்துச் சத்தமே இல்லாமல் வாயசைப்பார்: தூங்காத. நானும் வாயசைத்தே பதில் சொல்வேன்: தூங்கல. அம்மா இறந்த பிறகு நாங்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

கிளம்பும்போது, "அஞ்சு வருசந்தாம்ப்பா, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போன மாதம் இந்த ஊர்க் குடியுரிமையை வாங்கிக்கொண்டேன். என் இந்தியப் பாஸ்போர்ட், இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக மூலை வெட்டப்பட்டுத் திரும்பி வந்தது. அதை அப்பாவிடம் சொல்ல மூன்று ஞாயிறுகளாக முயன்று, மூன்று முறையும் வெயிலையும் குழம்பையும் பேசிவிட்டு வைத்தேன். கோழை என்றால் கோழைதான்.

அன்று பூசை முடிந்து அவர் சாப்பிட்டிருக்கும் நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். லேப்டாப்பைத் திருப்பி ஸ்பீக்கர்களைக் காட்டினேன். "ஒரு பாட்டுப் போடுறேன், கேளுங்கப்பா" என்றேன். திருத்தத்தை ஏற்றிக்கொண்டு பாட்டு தொடங்கச் சில நொடிகள் ஆகும். அறையில் பொட்டுச் சத்தமில்லை.

"நல்லாருக்கு பாப்பா" என்றார் அப்பா. "கோயில்ல பாடுறாப்புல இருக்கு."

லேப்டாப்பைச் சட்டென்று என் பக்கம் திருப்பினேன். "சாப்ட்டீங்களாப்பா?" என்றேன்.

"ஆமா பாப்பா, இங்க நல்ல வெயிலு."

"என்ன குழம்புப்பா?"

"சரி பாப்பா. ஒடம்பப் பாத்துக்க."

வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன். அப்பா இருப்பது அண்ணன் வீட்டில்தான். அப்பாவுக்குக் காது கேட்கிறதா என்று நேராகவே கேட்டேன்.

"ரெண்டு வருசமாவே சுத்தமா கேக்கல மேரி. ஒன் வாயப் பாத்துத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கி ஒம் மூஞ்சி ஒரே இருட்டா இருந்துச்சாம், தவிச்சிப் போயிட்டாங்க."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"மாமாதான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. காது மிஷின் டப்பாவுலயே கெடக்கு. தெரிஞ்சா புள்ள வேலய வுட்டுட்டு ஓடியாந்துரும்ங்கிறாங்க."

ஓடி வருகிற பிள்ளை! மூலை வெட்டிய பாஸ்போர்ட் அப்போது என் மேசை டிராயரில்தான் கிடந்தது. அவமானத்தில் அழுகைகூட வரவில்லை. ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன். எல்லாம் துல்லியமாகக் கேட்டது.

அடுத்த ஞாயிறு நாற்காலியைச் சன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. வாய் திறக்கவே பயமாக இருந்தது. மறுபடி நடு அறைக்கே இழுத்துப்போய், சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபிறகுதான் கூப்பிட்டேன். அப்பா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார்.

"அப்பா, நான் இந்தியப் பாஸ்போர்ட்டக் குடுத்துட்டேன். இனிமே இங்கதான்ப்பா. திரும்பி வரமாட்டேன்."

முழுசாகச் சொன்னேன், குரல் உடையாமல். அவருக்குக் கேட்காது, இருட்டில் என் உதடும் தெரியாது என்று தெரிந்தேதான் சொன்னேன். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனுக்குள் நுழைந்துவிடுவதுபோல் நெருங்கி வந்தார். நெற்றியும் கண்களும் மட்டும் திரையை அடைத்தன. பிறகு பின்னால் சாய்ந்து, கோயிலில் செய்வதுபோலவே சத்தமில்லாமல் வாயசைத்தார். கையாலும் காட்டினார்.

வெளிச்சத்துக்கு வா.

ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. சன்னல் நாலு எட்டுத் தூரம்தான். நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.