ஒரு பட்டை மட்டும் வெட்டினேன்

போன வாரம் ஒரு தகடு கிழிந்தது. கூடவே ஒரு கையும்.

சாக்கோட்டை போகும் ரோட்டில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பிரஸ் பட்டறை. புதுவயல் ரைஸ் மில்களில் நெல்லை மேலே ஏற்றும் இரும்புப் பக்கெட்டுகளை, தட்டைத் தகட்டை பிரஸ் மெஷினில் அழுத்திக் குழித்து இங்கே செய்வார்கள். தகடு எங்கே மெலியும், எங்கே கிழியும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் வேலை.

அதற்கு, புதுத் தகட்டுச் சுருள் வந்ததும் மூன்று பட்டைகள் வெட்ட வேண்டும். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, சாய்வாக ஒன்று. மூன்றையும் அறும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும். தகடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீளாது.

அன்று என் மகளுக்குக் காய்ச்சல். மூன்று வயது. "நூத்திரெண்டு இருக்கு, சீக்கிரம் வா" என்று மாமியார் போன் செய்தார். நீளவாக்கில் ஒன்றை மட்டும் இழுத்தேன். மற்ற இரண்டுக்கும் பழைய சுருளின் எண்களைப் போட்டேன். அதே கம்பெனி, அதே கனம்... பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது?

ஸ்கிரீன் முழுக்கப் பச்சை.

"என்ன மேடம் சொல்லுது உங்க சோசியம்?" என்றார் முத்துமாரி அக்கா. பிரஸ்ஸிலிருந்து பக்கெட்டுகளை எடுத்து அடுக்குபவர்.

"கிழியாதாம்க்கா."

"அப்ப எம் மகளுக்கு எப்பக் கல்யாணம்னும் அதுலயே பாத்துச் சொல்லிப்புடுங்க!"

சிரித்துக்கொண்டே, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை முதல் பக்கெட்டே மூலையில் பிளந்தது. சாய்வு வாக்கில். எடுக்கப் போன அக்காவின் உள்ளங்கையில் அந்த விளிம்பு இறங்கிவிட்டது. கட்டை விரல் நரம்பு அறுந்து, ஆபரேஷன். இனி மடங்குமா? கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர்.

"கிளவுஸ் போடாம எடுத்துருக்கு. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிருங்க" என்றார் முதலாளி. "நீங்க ஒண்ணும் மனசப் போட்டுக் குழப்பிக்காதீக."

அப்படி எழுதினால் வைத்தியச் செலவு அக்கா தலையில். கிளவுஸ் போடாதது உண்மைதான். ஆனால் தகடு கிழிந்தது அதனாலா?

மீதி இரண்டு பட்டைகளையும் அன்றுதான் வெட்டினேன். குறுக்குப் பட்டை தாங்கியது. சாய்வுப் பட்டை, நான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த அளவுக்கு வெகு முன்னாலேயே அறுந்தது.

எழுதாத ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி அக்கா முந்திக்கொண்டார்.

"வாங்க மேடம். பாப்பாவுக்குக் காச்ச விட்டிருச்சா?"

"விட்டிருச்சுக்கா."

"அது போதும். புள்ளைய விட்டுட்டு இங்குட்டு எதுக்கு வந்தீக?"

சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்தேன். திரும்பி வந்து ரிப்போர்ட்டில், "மூன்றில் ஒரு பட்டை மட்டும் சோதித்தேன். தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவர் பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்.