அன்செல்மோவின் கதவு

கதவை விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி கயிற்றால் கட்டிவிட்டுத்தான் அன்செல்மோ பனி டிராக்டரைக் கிளப்புவார். அண்டார்டிக் தீபகற்பத்தின் முதுகின்மேல் கிடக்கும் பனியாற்றில் எங்கே வெடிப்பு இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. மேலே பனி மூடியிருக்கும்; வண்டி ஏறியதும் பொத்துக்கொள்ளும். குதிக்க வழி வேண்டும். அவருடைய கூட்டாளி ரூஃபினோ குளிருக்குக் கதவைச் சாத்தியவர். வண்டியோடு போய்விட்டார்.

அந்தப் பழக்கம் முகாமின் சாப்பாட்டுக் கூடம் வரை வந்துவிட்டது. அவர் நுழைந்தால் கதவு திறந்தே கிடக்கும். சமையல்காரி ஒஃபேலியா கரண்டியோடு ஓடி வருவாள்.

"யோவ், கதவைச் சாத்துய்யா! பெங்குவின் வந்து பந்தியில உக்காந்துக்கப் போவுது."

"வரட்டும் தாயி. உன் சூப்பைக் குடிக்க அதுவாவது கெடைச்சுதேன்னு இரு."

சாந்தியாகோ தெல் எஸ்தேரோ என்ற ஊரின் வெயிலில் வளர்ந்தவருக்குக் குளிர் ஆகவே ஆகாது. மூக்கைச் சிந்திக்கொண்டே வருடம் தவறாமல் வந்துவிடுகிறார். கேட்டால், "ஊர்ல ஃபேன் காத்து ஒத்துக்கலை" என்பார். பச்சைப் பொய். இந்தப் பனிமேல் அவருக்குப் பைத்தியம். பழைய வரைபடங்களில் பனித்தட்டாக இருந்த கிழக்குக் கரையில் இன்று அலையடிக்கிறது. பனி எவ்வளவு கரைந்ததென்று அளக்கப் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் அவர் வேலை.

போன ஆகஸ்டில் அங்கே அளக்கப் போன ஹுலியேத்தாவுக்குக் கால் முறிந்தது. அன்செல்மோ போய் அவளைப் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு திரும்பினார். திறந்த கதவு வழியே காற்று பனியை வாரி இறைத்தது. அவளுக்குப் பற்கள் தந்தியடித்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, உதடு நீலம் பாரித்துவிட்டது. வெடிப்புகள் நிறைந்த பகுதி இனிமேல்தான். உடம்புச் சூடு இறங்கினால் பிழைக்க மாட்டாள் என்று வானொலியில் மருத்துவர் கத்தினார்.

அன்செல்மோ வண்டியை நிறுத்தினார். அவர் கை கயிற்றுக்குப் போவதை அவள் பார்த்துவிட்டாள்.

"வேணாம் மாமா, தொறந்தே இருக்கட்டும். இந்தக் காலோட நான் எங்க குதிக்கப் போறேன்? பொத்துக்கிச்சுன்னா நீங்களாவது குதிச்சிடுங்க."

"பேசாம படு பொண்ணு. ஒஃபேலியா சூப்பை நான் ஒருத்தனா குடிக்கணுமா?"

கயிற்றை அவிழ்த்தார். கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, வண்டியை மெல்ல முன்னால் விட்டார்.