கடைசி ஆளுக்கும் கைதட்டியவர்

முழங்கால் வலிக்காக நான் போய்வந்த, அமெரிக்காவின் சுகர் லேண்ட் ஊரிலுள்ள பிசியோதெரபி கிளினிக்கில்தான் அவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, முன்னால் ஒரு வாக்கர். அதன் கால்களில் பச்சை டென்னிஸ் பந்துகளைச் செருகியிருந்தார்.

காத்திருக்கும் அறைச் சுவரிலிருந்த டிவியில், சத்தமில்லாமல், உலக சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் பனிச்சறுக்குப் பந்தயம். மலையிலிருந்து ஜாலியாகச் சறுக்கி இறங்கும் வேலையல்ல இது. காட்டுப் பாதையின் மேட்டிலெல்லாம் கோலை ஊன்றி ஊன்றி ஏற வேண்டும். ஒருவன் ஜெயித்துப் பனியில் மல்லாந்து விழுந்தான். அதன் பிறகு யாரும் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத் தவிர.

நான் உள்ளே போய்த் தெரபி முடிந்து வெளியே வந்தபோது, அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள். 'ஒரு நிமிஷம்' என்பதுபோல் ஒற்றை விரலை உயர்த்தி, பக்கத்திலிருந்த பெண்மணியை முதலில் போகச் சொன்னார்.

"ரேஸ் முடிஞ்சிடுச்சே அங்கிள்?" என்றேன்.

"ஜெயிச்சவனுக்கு முடிஞ்சிடுச்சு தம்பி. கடைசிப் பையன் இன்னும் வந்துட்டுதானே இருக்கான். ஜெயிச்சவனே வீட்டுக்குப் போகாம நிக்கிறான், பாருங்க."

உண்மைதான். ஜெயித்தவன் பந்தயம் முடியும் கோட்டருகே காத்து நின்றான். வெகுநேரம் கழித்து, வெறிச்சோடிய பாதையில் கடைசி வீரன் தள்ளாடி வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அங்கிள் வாக்கரை விட்டுவிட்டுக் கைதட்டினார். அறையில் அது மட்டும்தான் சத்தம்.

பிறகு எழுந்து, வாக்கரைத் தள்ளித் தள்ளி உள்கதவை நோக்கி நடந்தார். கதவு பக்கத்தில்தான் இருந்தது, அவருக்கு அது தூரம். அவர் போய்ச் சேரும்வரை கார் சாவியோடு அங்கேயே நின்றேன். கைதட்டத்தான் கூச்சமாக இருந்தது.