எனக்காகக் கேட்ட பூ

ஸ்பெயின்காரனை அழைத்து வர கோவை விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். கையில் அவன் பெயர் எழுதிய அட்டை. அதை எழுதியதும் நான்தான். எனக்கு வர வேண்டிய வேலைக்கு வருகிறவனை நானே போய்க் கூட்டி வருவது என்ன பிழைப்பு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கோபம் வந்தால் இன்றைக்கும் அவன் என்றுதான் வாயில் வருகிறது. அவர் என்று எழுதுவதே நியாயம். கோபம் அவர்மேல் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

எங்கள் மைதானம் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, மரவள்ளிக் காடாக இருந்த இடத்தில் இருக்கிறது. முதலாளிக்கு ரிக் வண்டித் தொழில். வடக்கே எந்த மாநிலத்துக்குப் போனாலும் அவருடைய வண்டி ஒன்று எங்காவது போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும். கிரிக்கெட் அணி வாங்கும் அளவுக்குப் பணம் போதவில்லை, கபடி கௌரவமாகப் படவில்லை போலிருக்கிறது, கால்பந்து கிளப் ஆரம்பித்தார். நான் மாவட்ட அணிக்கும் பிறகு சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கும் இடதுபுறத் தடுப்பாட்டக்காரனாக ஆடிவிட்டு, நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தேன். கூப்பிட்டார், போனேன்.

புல் பதித்ததிலிருந்து ஆள் பிடித்தது வரை நான். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைக் கோல்கீப்பராக்கினேன். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, எந்தப் பயிற்சியாளர் வேண்டும், எல்லாம் நான் சொல்லி முதலாளி தலையாட்டியதுதான். அந்த வேலைக்கு ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று ஒரு பெயர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பதவிக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவரப் போகிறோம் என்று முதலாளி சொன்ன அன்றுதான் தெரிந்தது.

முதலாளி பூக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார். வெள்ளரளியை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலம் கட்டிக் குலதெய்வத்தின் காலடியில் போடுவார்கள். மனதில் நினைத்த காரியத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். கோயிலுக்கு வந்த யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். பிரித்தால் வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும். ரிக் வண்டியை எந்தத் திசைக்கு அனுப்புவது என்பதிலிருந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரை அப்படித்தான். ஸ்பெயின்காரருக்காகக் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

மூன்று வருஷத்துக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டார். சிவப்பு. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மூணு வருசம்னா எந்தச் சாமிங்க ஒத்துக்கும்? நான் கேட்டது செரியில்லீங்க மாஸ்டர்" என்று மறுபடி பூக் கட்டச் சொன்னார். இரண்டு வருஷம். சிவப்பு. பூசாரி என்னைப் பார்த்தார், நான் தூணைப் பார்த்தேன். ஒரு வருஷம் என்று கேட்டதும் வெள்ளை வந்தது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா மாஸ்டர், கேக்கற மாதிரி கேட்டாச் சாமி குடுக்காம போயிருமுங்களா?"

அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஸ்பெயின்காரரை டவுனில் வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் குடிவைத்தார்கள். தினமும் காலையில் காரில் போய் அழைத்து வருவதும், அவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலையானது. இருவருக்குமே அரைகுறை ஆங்கிலம். அதனால் சுற்றி வளைத்துப் பேச முடியவில்லை, நேராகவே பேசிக்கொண்டோம். தன் கதையை அவர் அந்தக் காரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். இவர் நடுக்களத்தில் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குகிற ஆட்டக்காரர். முதல் டிவிஷனில் கொஞ்சகாலம், அதிலும் பெரும்பாலும் பெஞ்சில். மீதிக் காலமெல்லாம் இரண்டாம் டிவிஷன். முழங்கால் போனதும் அதே கிளப் அவரை ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆக்கியது. பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியம், பல வருஷம் ஒரே அறையில் தங்கி ஆடிய நண்பனைக் கூப்பிட்டு, உனக்கு ஒப்பந்தம் கிடையாது என்று சொன்னது. அந்த நண்பன் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது, ஒரு காலத்தில் இவர் பெயரைச் சொல்லிப் பாடிய கூட்டமே இவரை வெளியே போகச் சொல்லித் துணியில் எழுதிக் கட்டியது. அதன்பிறகு நாடு நாடாக அலைச்சல். போகிற இடத்திலெல்லாம் பதவி அதேதான், கிளப் மட்டும் சிறிதாகிக்கொண்டே வந்தது என்றார். கடைசியில் எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. உதிர்ந்து விழுந்தவருக்குக்கூட எங்கள் ஊரில் என்னைவிட மேலே ஓர் இடம் இருக்கிறதே என்று எரிந்தது.

வந்த மாதத்திலேயே எல்லா ஆட்டக்காரர்களையும் பார்த்து முடித்தார். சங்ககிரி மலையைப் பார்த்தபடி காரில் உட்கார்ந்திருந்தவர், "இவர்களையெல்லாம் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்டார்.

"நான்."

"அப்படியென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்?"

டிரைவர் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தான்.

அணிக்கு முன்வரிசையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நானும் அவரும் அலைந்து ஒருவனைப் பிடித்தோம். முதலாளி பூக் கேட்டார், சிவப்பு வந்தது. வடக்கே அவருடைய வண்டி ஓடும் ஊரில் யாரோ சொன்ன ஒருவனை எடுத்துக்கொண்டார். காரணத்தை நான் ஸ்பெயின்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பூ, பொட்டலம், பூசாரி எல்லாவற்றையும் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எங்கள் ஊர்க் கிளப் தலைவர் இஷ்டத்துக்கு ஆள் எடுப்பார், பூகூடக் கேட்கமாட்டார்" என்றார்.

வருஷம் முடிந்து அவர் கிளம்புகிற நேரம். முதலாளி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் ஸ்பெயின்காரர் என் பக்கம் திரும்பி, இதை அப்படியே சொல் என்று ஆரம்பித்தார். இனிமேல் வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர வேண்டாம், இந்த வேலையை ஆரம்பத்திலிருந்து செய்துகொண்டிருப்பவர் இவர்தான், பதவியை இவருக்கே கொடுங்கள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மொழிபெயர்க்க அங்கே வேறு ஆள் இல்லை. என் பெருமையை என் வாயாலேயே சொன்னேன், பாதியைக் குறைத்துத்தான் சொன்னேன்.

முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "இத அவுரு சொல்றாருங்களா, நீங்க சொல்றீங்களா மாஸ்டர்?"

"அவருதானுங்கண்ணா சொல்றாரு."

"செரிங்க. பூக் கேட்டுட்டுச் சொல்றேன்."

விமான நிலையத்தில் ஸ்பெயின்காரர் என் தோளில் தட்டி, உனக்குக் கிடைக்கும் என்றார். நம்பினேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். மனைவி அன்றைக்கே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள்.

இந்த முறை முதலாளி என்னைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் மைதானத்துக்கு வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செகப்பு வந்துருச்சுங்க மாஸ்டர். எனக்கு மனசே செரியில்லீங்க. உங்களுக்குக் குடுக்கோணும்னுதான் நெனச்சேன்."

"எத்தன தடவ கேட்டீங்கண்ணா?"

"ஒருக்காத்தான் கேட்டனுங்க."

"இன்னொருக்கா கேட்டுப் பாத்திருக்கலாமுங்களே."

அவர் முகம் மாறிவிட்டது. கோபமில்லை, நான் தகாததைப் பேசிவிட்டேன் என்கிற பதற்றம். "அப்படிச் சொல்லாதீங்க மாஸ்டர். சாமி ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதானுங்க. ரெண்டாந்தடவ கேக்கறது தப்புங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறியிருப்பேன். ஸ்பெயின்காரருக்காகக் கோயிலைச் சுற்றி வந்து திரும்பத் திரும்பக் கேட்டது அவருக்கு நிஜமாகவே நினைவில் இல்லை. எனக்காக இன்னொரு தடவை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. எத்தனை வருஷமானாலும் எனக்கு ஆறாதது அதுதான்.

போகும்போது காரின் கண்ணாடியை இறக்கினார். போர்ச்சுகலில் ஒருவரைப் பார்த்துவைத்திருக்கிறாராம், இன்னும் பூக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அமைந்ததும் பெயரை அனுப்புகிறேன், அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.