சூட்கேஸ் கடை நெவ்ஸாத்

சனிக்கிழமை பத்து மணிக்கு மகள் அனன்யாவை ஐசலினில் பரதநாட்டிய வகுப்பில் இறக்கிவிட வேண்டும். பன்னிரண்டுக்கு மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தை என்ன செய்வதென்று எந்த அப்பனுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் கிடைப்பதே பூர்வஜென்மப் புண்ணியம். கிடைத்ததை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்ப மனசு வராது. காருக்குள்ளேயே ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐம்பத்தொரு வயது. பதினாறு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். தூங்கி எழுந்தாலும் களைப்பாகத்தான் இருக்கும்.

ஒரு ஜனவரியில் கார் ஹீட்டர் மக்கர் பண்ணியது. குளிர் தாங்காமல் பக்கத்திலிருந்த சூட்கேஸ் கடைக்குள் நுழைந்தேன். வாங்கப்போகிறவன் மாதிரி நாலு பெட்டிகளின் ஜிப்பைத் திறந்து மூடினேன். கடைக்காரர் என் நடிப்பைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "குளிருது, அவ்வளவுதானே? வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். பெயர் நெவ்ஸாத். துருக்கியில் சிவாஸ் என்கிற ஊர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நாங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். இலக்கணத்தைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கெட்டில். மேலே கடும் டிகாக்‌ஷன், கீழே வெந்நீர். இடுப்பு சிறுத்த குட்டிக் கண்ணாடி டம்ளர்கள். பால் கிடையாது. கோபிசெட்டிபாளையத்துக்காரனுக்குப் பால் இல்லாத டீ கஷாயம்தான். மரியாதைக்காகக் குடித்து முடித்தேன். உடனே ஊற்றினார். மிச்சம் வைத்தால் தப்பாக நினைப்பாரே என்று அதையும் முடித்தேன். மறுபடி ஊற்றினார். ஆறாவது டம்ளரில் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "போதும்னா ஸ்பூனை டம்ளர் மேல குறுக்க வைங்க அபி. வைக்கலைன்னா நான் ஊத்திட்டேதான் இருக்கணும்" என்று சிரித்தார். அபி என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்.

அதற்கப்புறம் கார் ஹீட்டர் சரியாகியும் சனிக்கிழமைகளில் அங்கேதான் இருந்தேன். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி நம்ம ஆட்கள். வீட்டிலிருந்து அடைத்துக்கொண்டு வந்த பெட்டிகளை நெவ்ஸாத்தின் தராசில் எடை போடுவார்கள். இருபத்து மூன்று கிலோவைத் தாண்டினால் கடை நடுவிலேயே திறந்து, பாதாம் பாக்கெட்டை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். சிலர் பெட்டியை வாங்கி, ஊருக்குப் போய் வந்து, "பிடிக்கலை, ரிட்டர்ன்" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். உள்ளே சாம்பார்ப் பொடி வாசம் தூக்கியடிக்கும். எனக்கு மானம் போகும். நெவ்ஸாத் மோந்து பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

அந்த மனுஷன் பத்தொன்பது வருஷமாக எந்த விமானத்திலும் ஏறவில்லை. டூரிஸ்ட் விசாவில் வந்து அப்படியே தங்கிவிட்டவர். இதை என்னிடம் சொல்லவே அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சொன்ன நாளில் டீகூடப் போடவில்லை. "கிளம்பினா பத்து வருஷம் உள்ள விடமாட்டாங்க அபி" என்று மட்டும் சொன்னார்.

போன செப்டம்பரில் அவருடைய அம்மா படுத்துவிட்டார். எழுபத்தெட்டு வயது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தினமும் வீடியோவில் "எப்ப வர்ற?" என்று கேட்கிறாராம். நெவ்ஸாத் என்னிடம் யோசனை கேட்டார். நான் கொஞ்சமும் தயங்காமல், "போகாதீங்க. அங்க போய் மூணு நாள் அழுவீங்க. அப்புறம் பத்து வருஷம் அங்க உட்கார்ந்து என்ன பண்ணுவீங்க? வாழ்க்கை இங்கதான் இருக்கு" என்றேன். வக்கீல் ஃபீஸ் வாங்காத குறை.

எனக்கு வேறென்ன சொல்ல வரும்? மூன்று வருஷம் முன்பு என் அப்பா போனபோது விசா புதுப்பித்தல் பாதியில் நின்றது. இப்போது வெளியே போனால் திரும்புவது கஷ்டம் என்றார்கள், போகவில்லை. அன்று நான் செய்தது சரிதான் என்று இன்னொருத்தரும் செய்து காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என் பேச்சைக் கேட்டு ஐந்து வாரம் பொறுத்தார். ஆறாவது சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போது, யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த பச்சைப் பெட்டி ஒன்றைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். பதினொரு கிலோ. "நேத்து அம்மா கேட்கலை அபி. நான் எப்ப வர்றேன்னு கேட்கவே இல்லை" என்றார். கடையைப் பாட்டர்சனிலிருந்த உறவுக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தாயிற்று. அவரே நெவார்க் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்காக வெளியே காரில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை ஏற்றிய பிறகு நெவ்ஸாத் கடைக்குள் ஓடி, கீழ்க்கெட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து வந்து என் கையில் கொடுத்தார். "கார் கிளம்பினதும் இதைப் பின்னாடியே ரோட்ல ஊத்துங்க அபி. எங்க வழக்கம். ஊர்ல இருந்து கிளம்பறப்ப அம்மா ஊத்தினாங்க. இங்க எனக்கு வேற யாரு இருக்காங்க?" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அதற்குள் இன்னொரு ஹார்ன்.

எங்கள் பக்கம் ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினால் உடனே வீட்டைக் கூட்டக்கூட மாட்டார்கள். ஆள் வாசலைத் தாண்டியதும் தண்ணீர் ஊற்றுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். அப்பாவை எடுத்துக்கொண்டு போனதும் குடம் குடமாக ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். என் தங்கை சண்முகப்ரியா பிடித்திருந்த போனில் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். பிரிட்ஜ்வாட்டரில் ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன்.

கார் நகர்ந்தது. நெவ்ஸாத் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். நான் கெட்டிலைப் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கையை ஆட்டினேன். சிக்னல் வரைக்கும் அவர் என்னையும் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார். தண்ணீரை உள்ளே கொண்டுபோய் சிங்க்கில் கொட்டினேன். ஒரு பெரிய ஆபத்திலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நெவ்ஸாத்தின் அம்மா மேலும் பதினொரு நாள் இருந்தார். மகனை அடையாளம் தெரிந்து, அவர் கையால் டீ குடித்தாராம். எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை நான் வகுப்பு வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது நெவ்ஸாத் வீடியோவில் கூப்பிட்டார். முகம் பாதியாகியிருந்தது. ஊர் உலகம் எல்லாம் பேசியபின், மனசு கேட்காமல், அந்தத் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன்.

"கிளம்பறவங்க தண்ணி மாதிரி தடையில்லாம போய், அதே மாதிரி திரும்பி வந்துடணும்னு ஊத்தறது அபி."

தட்டுத்தடுமாறி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அப்பாவை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவியதையும் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் ஊத்தலை."

"ஆமா நெவ்ஸாத்."

"பரவால்லை அபி. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்" என்றார்.

என்ன நினைத்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. போனை வைத்தபிறகு, பன்னிரண்டு மணியாகி அனன்யா வந்து கார்க் கதவைத் தட்டும்வரை அழுதுகொண்டிருந்தேன். பத்து வருஷம் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் என்னிடம் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்.