மஞ்சளைக் கழுவிய தேவசகாயம்

போன வாரம் காலை ஃபெர்ரியில் அந்தோணி வந்து இறங்கினான். பட்டர்வொர்த் ரயிலடியில் வேலை பார்ப்பவன், என் சிநேகிதன் தேவசகாயத்தின் மருமகன். படகுத்துறைப் பக்கம் குதிரை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நேராக வந்து என் எதிரில் நின்றான்.

"சித்தப்பா, மாமா போயிட்டாரு."

"எங்க போனான்? சுங்கை பாக்காப்புக்கா? சொல்லாம கொள்ளாம போறவனாச்சே."

வாய் பழக்கம். அந்தோணி சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் புரிந்தது. குதிரையை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு அவனோடு அடுத்த ஃபெர்ரியில் ஏறினேன்.

பினாங்கில் குதிரையோடு பிழைத்த தமிழ் ஆட்களுக்கு தேவசகாயத்தைத் தெரியும். காட்டிக்கொடுத்தவன் என்று அவனைத் திட்டிய ஆட்களே அதிகம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தேவசகாயம் ஒரு துரையின் லாயத்தில் குதிரைக்காரனாக இருந்தான். துரைக்குச் சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டம், பினாங்கில் பங்களா. வருஷம் ஒருமுறை பாடாங்கில், கடற்கரைத் திடலில், குதிரைக் காட்சி நடக்கும். காலை உயரத் தூக்கித் தூக்கி நடக்கிற குதிரைக்குத்தான் கோப்பை. துரையிடம் ஒரு செம்பட்டைப் பெண்குதிரை இருந்தது. அதற்கு நாக்கில் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்று வைத்திருந்தார். தேவசகாயம் அதை மைனா என்று கூப்பிடுவான். துரை வைத்த பேருக்கு அது காதைக்கூட ஆட்டாது. மைனா என்றால் தலையைத் திருப்பும்.

மிருகங்களை வதைக்கக் கூடாதென்று அப்போதே சட்டம் இருந்தது. சட்டப் புத்தகத்தை நான் படித்ததில்லை, சட்டம்தான் என்னை அடிக்கடி படித்துப் பார்த்தது. என் வண்டிக் குதிரையின் முதுகில் வார் உரசிக் கொஞ்சம் தோல் போயிருந்தால் போதும், வதைத்தடுப்பு இன்ஸ்பெக்டர் நடுரோட்டில் நிறுத்தி அபராதம் எழுதுவார். அதே இன்ஸ்பெக்டர் துரை வீட்டுக் குதிரையைக் கண்டால் தொப்பியைத் தொடுவார். அது கொழுத்திருக்கும், மினுமினுவென்று இருக்கும். அதை எவன் வதைக்கப் போகிறான்?

ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த இன்ஸ்பெக்டர் எங்களிடம் பயந்தார். மஞ்சள். பூஜை நாளில் குதிரையின் கால்களில் மஞ்சளை அரைத்துப் பூசிக் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். ஒரு தடவை அவர் ஒரு குதிரைக்கு மஞ்சளைத் துடைத்துப் பார்த்துவிட்டார். சாமி காரியத்தில் கை வைத்துவிட்டார் என்று தெருவே திரண்டது. மேலிடத்தில் அவருக்கு நல்ல பேச்சு விழுந்தது. அதற்குப் பிறகு மஞ்சள் பூசிய காலைக் கண்டால் பக்கத்தில் வரமாட்டார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த வருஷம் காட்சிக்கு முன்னால் மைனாவின் கால்களில் மஞ்சள். குளம்புக்கு மேலே நாலு காலிலும் கெட்டியாக அப்பியிருந்தது. பூஜை எதுவும் இல்லாத நாள். அவனோ கிறிஸ்தவன். நான் விடுவேனா?

"ஏம்பா வேதக்காரா, ஒன் குதிர எப்பலேந்து மாரியம்மனுக்கு விரதம் இருக்கு?"

வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பவன் அன்றைக்கு என் கையைப் பிடித்து லாயத்துக்குள் இழுத்துப் போனான். ஈரத் துணியால் ஒரு காலில் கொஞ்சம் துடைத்தான். மஞ்சளுக்கு அடியில் தோல் இல்லை.

"சேங்கொட்ட எண்ணெ" என்றான்.

வண்ணார் துணியில் குறி போடுவார்களே, அதே சேங்கொட்டை. தோலில் பட்டால் வெந்துபோகும். காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் எரிவதால் குதிரை, நெருப்பை மிதித்ததுபோல் காலை வெடுக்கென்று மேலே தூக்கும். என்ன அழகாக நடக்கிறது என்று பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

"யாருடா போட்டது?"

"தொர சொல்றாரு. நான் போடுறேன்."

"முடியாதுன்னு சொல்லு லா."

"சொன்னா நாளைக்கே வேற ஆளு வருவான். அவன் இதவிட நெறையப் போடுவான். ஒனக்குத் தெரியாதா?"

அவன் இன்ஸ்பெக்டரிடம் முன்னாடியே போயிருந்தான். துரை பேரைக் கேட்டதும் அந்த மனுஷர், "கால்ல மஞ்சத்தானே இருக்கு? அது ஒங்க சாமி விஷயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மஞ்சள் பூசச் சொன்னதும் துரைதான் என்று தேவசகாயம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாக ஒருவர் புரிந்துவைத்திருந்தார்.

"காட்சி முடிஞ்சா ஆறிடும்" என்றேன்.

"போன காட்சிக்குப் போட்டதே ஆறலடா. இன்னொரு தடவ தாங்காது. அதுக்குள்ள யாராச்சும் இத இங்கேருந்து கொண்டுபோயிடணும்."

காட்சி நாள் வந்தது. பாடாங்கில் பேண்டு வாசிப்பு, குடை பிடித்த துரைசானிகள், முன்வரிசையில் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள். தேவசகாயம் மைனாவை நடத்திக்கொண்டு நடுவர்கள் முன்னால் வந்தான். அது காலைத் தூக்கிய உயரத்துக்குக் கூட்டம் ஆரவாரம் செய்தது. அவன் அங்கேயே நிறுத்தினான். குதிரைகளுக்கென்று வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி மைனாவின் முன்னங்கால்களில் ஊற்றினான். மஞ்சள் வழிந்து புல்லில் ஓடியது. பேண்டு மட்டும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தது.

இத்தனை பேர் பார்த்த பிறகு இன்ஸ்பெக்டரால் பார்க்காமல் இருக்க முடியுமா? குதிரையைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அது வரைக்கும் அவன் நினைத்ததுதான் நடந்தது. அப்புறம் கேட்டார்கள், இதைச் செய்தது யார் என்று. துரை தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். எண்ணெய் பூசிய கைக்குத்தான் தண்டனையாம், பூசச் சொன்ன வாய்க்குச் சாட்சி வேண்டுமாம். சாட்சிக்கு நாங்கள் எங்கே போவது? இந்த ஆள் என் குதிரையைக் கெடுத்துவிட்டான் என்று துரையே கோர்ட்டில் ஏறிச் சொன்னார். பாவம் துரை என்று நாலு பேர் அவருக்குக் கை கொடுத்ததையும் பார்த்தேன்.

கோர்ட்டுக்குப் போகுமுன் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"வலிக்கும்னு தெரியுமான்னு கேப்பாங்க. மருந்துன்னு நெனச்சேன், தெரியாதுன்னு சொல்லிடுடா. விட்டுருவாங்க."

"தெரியாதுன்னா, குதிரைய வதைக்கவே இல்லன்னு ஆயிடுமேடா. திருப்பித் தொரகிட்ட குடுத்துட்டா?"

மாஜிஸ்திரேட் அதைத்தான் கேட்டார். தேவசகாயம் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போன புண்.

"தெரியும்யா. மொதல்ல என் கால்ல போட்டுப் பாத்துட்டுத்தான் அதுக்குப் போட்டேன்."

துபாஷி அதை இங்கிலீஷில் சொல்வதற்கு முன் ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தார். ஜெயில் போட்டார்கள்.

அவன் உள்ளே இருக்கும்போதே குதிரை டாக்டர் மைனாவைப் பார்த்துவிட்டு, புண் எலும்புவரை போய்விட்டது, தேறாது என்றார். சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. துரை கையெழுத்துப் போட்டார். சுட்டுவிட்டார்கள்.

விடுதலையான அன்று ஜெயில் வாசலில் டின்னில் கோப்பி வாங்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் கேட்டான்.

"மைனா எப்படி இருக்கா?"

"சுட்டுட்டாங்கடா."

"போடா. இதுலயுமா வெளையாடுவ?"

நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ பொய் சொல்லி அவனை ஏமாற்றியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் கடைசியில் சிரித்துவிடுவேன். அன்றைக்கும் அதற்காகக் காத்திருந்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் ரோட்டோரம் உட்கார்ந்தான். கோப்பி ஆறிப்போனது.

மறுவருஷம் காட்சிக்காரர்கள் ஒரு விதி போட்டார்கள். திடலுக்குள் வரும் ஒவ்வொரு குதிரைக்கும் வாசலிலேயே காலைக் கழுவிப் பார்க்க வேண்டும், எரிச்சல் தரும் பண்டம் எதுவும் பூசியிருந்தால் உள்ளே விடக் கூடாது. இன்னொருவன் குதிரையின் காலைத் தொட எந்தக் குதிரைக்காரனும் துணிய மாட்டான், தொட்டால் அடிதடிதான். எந்த லாயத்திலும் வேலை கிடைக்காத தேவசகாயம் போய் வாளியோடு நின்றான். வருஷா வருஷம் நின்றான். அவன்மேல் துப்பியவர்களை எனக்குத் தெரியும். சிலர் இதைப் படிக்கவும் கூடும்.

"எங்க சாமிக்குப் பூசுனதுடா, தொடாத" என்று ஒருவன் கத்தியபோது அவன் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்.

"நீங்க பூசுங்கண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. கழுவிப் பாத்துட்டு நானே திரும்பப் பூசி விடுறேன்."

அப்படியே செய்வான். அதற்கென்று ஒரு கொட்டாங்கச்சியில் மஞ்சள் அரைத்து வைத்திருப்பான். வேதக்காரன் உட்கார்ந்து மஞ்சள் பூசுவதை நான் கேலி செய்யாத வருஷமில்லை.

திருப்பி அனுப்பிய குதிரைகளும் உண்டு. அவை லாயத்துக்குப் போன பிறகு என்ன ஆயின என்று அவன் விசாரித்ததில்லை. "வாசல் வரைக்கும்தான் லா விதி" என்பான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டான்.

பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில், அந்தோணி வீட்டுக் கொல்லையில் தேவசகாயத்தைக் குளிப்பாட்டினோம். "சித்தப்பா, நீங்களும் ஊத்துங்க" என்று சொம்பைக் கொடுத்தான் அந்தோணி. நான் கால் பக்கம் நின்றேன். கெண்டைக்காலில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது.

"இது என்ன தழும்பு? கேட்டா குதிர ஒதச்சதுன்னு சொல்வாரு" என்றான்.

நடந்ததைச் சொன்னேன். ஈரக் கையோடு என்னைப் பார்த்தான்.

"சித்தப்பா, இப்பயுமா வெளையாட்டு?"

மறுபடி சொல்லவில்லை. தண்ணீர் மொண்டு அந்த இடத்தில் ஊற்றினேன், கையால் தேய்த்தேன். அது போகிற கறுப்பு இல்லை. அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான், என் உள்ளங்கைக்குத் தெரிந்த அந்தச் சொரசொரப்பு. அந்தோணி, இது விளையாட்டில்லை.