ஷிமுரா கியோவும் பள்ளிக்கூடத்துப் படமும்

எங்கள் ஓகுதானி ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் முன்பு ஒரு நினைவுக்கல் நின்றது. ஷிமுரா ஜுன்சாகு என்ற ஆசிரியர், பெற்ற மகளை நெருப்பில் விட்டுவிட்டுச் சக்கரவர்த்தியின் படத்தைக் காப்பாற்றினார் என்று அதில் பெருமையாக வெட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி கியோ தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போவாள். நான் அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். கல்லில் எழுதியவர்கள் ஒருவரும் கியோவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரண்மனையிலிருந்து பள்ளிகளுக்கு வந்த சக்கரவர்த்தி, மகாராணி படம் அது. பௌலோனியா மரப்பெட்டிக்குள் வைத்து, ஊதாப் பட்டில் சுற்றி, தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்திருப்போம். பண்டிகை நாட்களில் திரைக்குப் பின்னால் அதை மாட்டுவார்கள். திரை விலகும்போது எல்லோரும் குனிந்துவிட வேண்டும். தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அரச ஆணையைப் படித்து முடிக்கும்வரை தலை நிமிரக் கூடாது. குளிரில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும். உறிஞ்சினால் அடி. மூக்குச் சளி தரையில் சொட்டும் சத்தம்தான் எங்கள் பள்ளியின் பக்தி. ஆக, ஊர் முழுக்க அந்தப் படத்தைக் கும்பிட்டது. அதை ஒழுங்காகப் பார்த்தவர் யாரும் இல்லை. பெட்டியைப் பார்த்தவர்கள்கூடத் தலைமையாசிரியர்கள்தான்.

தன் பள்ளிப் படம் எரிந்துபோனதற்காக எங்கோ ஒரு தலைமையாசிரியர் வயிற்றைக் கிழித்துக்கொண்டார் என்று பயிற்சிப் பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதனால் விடுமுறை நாளிலும் ஓர் ஆசிரியர் தலைமையாசிரியர் அறைச் சாவியோடு பள்ளியில் காவல் இருக்க வேண்டும். வாசலை ஒட்டித் தலைமையாசிரியர் அறை. நீளமான நடையின் அந்தக் கோடியில், சமையற்கட்டுக்குப் பக்கத்தில், காவல் அறை. பனிக்காலத்தில் கூரைப் பாரம் அழுத்தி அந்த அறையின் தள்ளுகதவு இறுகிக்கொள்ளும். நடைப்பக்கம் ஓர் இரும்பு வளையம் அடித்திருந்தார்கள். அதைப் பிடித்துக் காலை ஊன்றி இழுக்க வேண்டும். ஜுன்சாகுவுக்கு ஒருமுறை தேநீர் கொண்டுபோய் நான் திண்டாடியபோது உள்ளேயிருந்து சிரித்தார்.

"என்ன டீச்சர், கதவோட மல்யுத்தமா? நான் யாரு பக்கம் பந்தயம் கட்டறது?"

அப்படிச் சிரிக்கத் தெரிந்த மனிதர்தான் அவர்.

எங்கள் படைகள் மஞ்சூரியாவைப் பிடித்து, ஊரே கொடி பிடித்துத் திரிந்த காலம். வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுன்சாகுவுக்குக் காவல் முறை வந்தது. கியோ பக்கத்து வீட்டுப் பெண்களோடு புத்தாண்டு மோச்சிப் பலகாரத்துக்கு வேகவைத்த அரிசியை இடித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் ஃபுமி உரலுக்குள் கையை விட்டுக்கொண்டே இருந்தாள்.

"இவளை நீங்களே கூட்டிட்டுப் போங்க. உலக்கைக்குக் கீழ கையை வெச்சுத் தொலைக்கப் போறா" என்றாள் கியோ.

"வா மகளே, உங்கம்மா நம்மை விரட்டிட்டா" என்று அவர் குழந்தையை முதுகில் தூக்கிக்கொண்டு போனார்.

மதியம் ஃபுமி காவல் அறையில் கணப்புக்குப் பக்கத்தில் தூங்கிவிட்டாள். அவர் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். சமையற்கட்டுச் சாம்பலில் கிடந்த கங்கு எப்படியோ பற்றிக்கொண்டது. மணி அடித்து நாங்கள் ஓடிப்போனபோது பின்பாதி முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. ஜுன்சாகு பனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஊதாப் பட்டு மூட்டை. இரண்டு உள்ளங்கைகளும் வெந்து தோல் தொங்கியது. தலைமையாசிரியர் ஓடிவந்து, அவரைப் பார்க்காமல், மூட்டைக்கு முன்னால் பனியில் விழுந்து கும்பிட்டார்.

"படம் பத்திரம். ஷிமுரா படத்தைக் காப்பாத்திட்டாரு" என்று ஊரைப் பார்த்துக் கத்தினார்.

மாவு ஒட்டிய கையோடு கியோ வந்தாள். "ஃபுமி எங்கே?"

அவர் வெந்த கையைத் தூக்கி நெருப்பைக் காட்டினார்.

மறுநாள் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கைக்கட்டோடு படுத்திருந்தவரிடம் கேட்டார்: "முதல்ல படத்தை எடுக்கத்தானே போனீங்க?" கியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் இருந்தேன். ஜுன்சாகு கூரையைப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்றார். அந்த ஒற்றை வார்த்தை செய்தித்தாளுக்குப் போயிற்று, கல்லுக்குப் போயிற்று. அவரைத் தலைமையாசிரியர் ஆக்கிற்று. படத்துக்கு அடுத்த முறை ஆபத்து வரக் கூடாதென்று சிமெண்டில் ஒரு சின்னக் கோயிலே கட்டினார்கள். காவல் அறைக் கதவைச் சரிசெய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. புதுக் கட்டிடத்திலும் அதே மாதிரி இறுகும் கதவுதான்.

மாதர் சங்கத்துப் பெண்கள் கியோவைப் பார்க்க வந்து "கொடுத்துவெச்ச தாய்" என்றார்கள். அவள் நெற்றி பாயில் படக் குனிந்து நன்றி சொன்னாள். அப்படிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் போனதும் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

அன்றிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. கைக்கட்டை மாற்றினாள், சோறு வைத்தாள், துணி துவைத்தாள். "சோறு ஆறுது", "குடை அங்க இருக்கு", அவ்வளவுதான் பேச்சு. அவர் விழாவில் ஆணையைப் படித்துவிட்டு வந்தால் வெள்ளைக் கையுறைகளைத் துவைத்துக் கொடியில் போடுவாள். வீட்டுக்குள்ளும் அவர் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டே இருப்பார். வெந்த கை கூசுகிறது என்று நாங்கள் நினைத்தோம். படத்தைத் தூக்கிய கை என்று ஊரார் அதைப் பார்க்க ஆசைப்பட்டதுண்டு. அவர் காட்டியதில்லை.

ஒருமுறை நான் அவர்கள் வீட்டில் உப்பில் ஊறிய கீரை வாங்கப் போயிருந்தேன். ஜுன்சாகு சாராயம் குடித்திருந்தார். என் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"கியோ, அந்தக் கதவு இருக்கே..."

கியோ கீரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "டீச்சர், வாங்க, சமையற்கட்டுல கட்டித் தரேன்."

"அந்தக் கதவை நான்..."

"மகளுக்கு வெலை படம். அதான் கல்லுலயே வெட்டிட்டாங்களே. இன்னும் என்ன கதை?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

சீனாவோடு போர் பெரிதானது. பிறகு உலகத்தோடே போர். ஜுன்சாகு தன்னிடம் படித்த பையன்களை ஒவ்வொருவராக ரயிலேற்றிவிட்டு, சாம்பலாக வந்தவர்களைப் பெட்டியோடு வாங்கி வந்தார். சிரிப்பு மறந்துபோன மனிதர், இருமல் மட்டும் மிச்சம். போர் முடிவதற்கு முந்தின குளிர்காலத்தில் படுத்தார். மருந்து இல்லை. மருத்துவரும் படையோடு போயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரியும் நேரத்தில் நெருங்கின சொந்தம் பஞ்சுத் தூரிகையைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் தடவ வேண்டும். கடைசித் தண்ணீர். பக்கத்து வீட்டுக் கிழவர் தூரிகையைக் கியோவிடம் நீட்டினார். அவள் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நேரமாகுது. நீதான் குடுக்கணும்" என்றார் கிழவர்.

"அவரோட சக்கரவர்த்தி வந்து குடுக்கட்டும்" என்றாள் கியோ.

அந்தப் பேச்சுக்கே போலீஸ் வரும். கிழவர் காது கேட்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தூரிகையை வாங்கி நனைத்தேன்.

அடுத்த கோடையில் நாடு சரணடைந்தது. சக்கரவர்த்தியின் குரலை வானொலியில் முதல்முறையாகக் கேட்டோம். பாதி புரியவில்லை. ஆண்கள் யாரும் மிச்சமில்லாததால் தலைமையாசிரியர் நாற்காலி என் தலையில் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் மேலிடத்து உத்தரவு வந்தது. படத்தைச் சத்தமில்லாமல் மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அமெரிக்கர்கள் கண்ணில் படக் கூடாதாம். எதற்காக ஒரு குழந்தை எரிந்ததென்று ஊர் நம்பியதோ, அதைக் காய்கறி மாதிரி துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். 

கியோ காதில் விழுந்துவிட்டது. காலையிலேயே வந்து நின்றாள்.

"டீச்சர், கொண்டுபோறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை காட்டுங்க. எம் பொண்ணை எதுக்கு மாத்திக்கிட்டாருன்னு நான் பாக்கணும்."

மறுக்க என்னிடம் காரணம் இல்லை. சிமெண்டுக் கோயிலைத் திறந்து மூட்டையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். பட்டு முடிச்சை அவிழ்த்தேன். மேல்மூடியில் படம் வந்த வருஷத்தை, தீயின்போது இருந்தவருக்கும் முந்தின தலைமையாசிரியர் தன் கையால் எழுதியிருந்தார். அவர் தீ விபத்துக்கு முன்பே செத்துப்போனவர். ஆகவே அதே பெட்டிதான். பெட்டி வெளுத்து, நேற்றுச் செதுக்கியது மாதிரி இருந்தது. எந்த மூலையிலும் கருகல் இல்லை. பட்டில் புகைக்கறைகூட இல்லை.

கியோ படத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் தடவினாள்.

"இதுக்கு வளையம் எங்கே?"

"எந்த வளையம்?"

"தூக்கற வளையம். இரும்பு வளையம்."

"இதுக்கு ஏது வளையம்? பட்டுக் கயிறு கட்டித் தூக்கறதுதான் அக்கா."

"அவர் வலது கையில வளையத் தடம் இருந்துச்சே. கட்டு மாத்தறப்ப நான் பாத்தேனே. வட்டமா, எலும்பு தெரியற அளவுக்கு. பெட்டி வளையம் சுட்டுதுன்னு நெனச்சேன். நான் பெட்டியை எப்பப் பாத்தேன்? யாரு பாத்தா?"

 எரிந்துபோன கட்டிடத்தில் இரும்பு வளையம் ஒன்றுதான். அதைக் காலை ஊன்றி இழுத்திருக்கிறேன். வாசலை ஒட்டிய தலைமையாசிரியர் அறைக்கு நெருப்பு கடைசியில்தான் வந்தது. அங்கே யார் கையும் வேக வழியில்லை. மனிதர் நேராக நடையின் கோடிக்கு ஓடியிருக்கிறார். பழுத்துக் கிடந்த வளையத்தைப் பிடித்து, கை வேக வேக இழுத்திருக்கிறார். கதவு வரவில்லை. திரும்பி வந்தபோது வாசல் பக்கத்து அறையில் இருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே விழுந்திருக்கிறார். படத்துக்கு முன்னால் பெற்ற மகளைத் தேடிப்போனேன் என்று சொன்னால் அந்தக் காலத்தில் அது குற்றம். சோறும் போயிருக்கும், வீட்டு வாசலில் கல்லும் விழுந்திருக்கும். அதனால் ஓர் அப்பன் செய்ததை வெள்ளைக் கையுறைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். பெண்டாட்டியிடம் சொல்ல வந்த அன்று அவள் கீரைச் சட்டியோடு எழுந்து போய்விட்டாள்.

இதையெல்லாம் நான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பெட்டியை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"காவல் ரூம் கதவு" என்றாள். "அந்தக் கதவு, அந்தக் கதவுன்னாரே மனுஷன்."

பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள்.

நான் படத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலகக் கொல்லையில் மற்றப் பள்ளிகளின் படங்களும் குவிந்து கிடந்தன. ஓர் இளம் எழுத்தர் ஒவ்வொன்றாகத் தீயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்டி வேணாம் டீச்சர். நல்ல மரம். அரிசி போட்டு வெச்சுக்கோங்க" என்றார். எங்கள் படம் சுருண்டு கருகியதும் அவர் அந்தத் தீயிலேயே கையைக் காட்டிக் குளிர்காய்ந்தார். குளிர் அப்படி. அவர்மேல் கோபப்படவும் எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பி வரும்போது கல்லறை மேட்டில் கியோ தெரிந்தாள். ஜுன்சாகுவின் கல்லைச் சுற்றிப் பனியைக் கையாலேயே விலக்கியிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கையில் பஞ்சு கட்டிய தூரிகை. கல்லின் முன்பக்கம் முழுவதும் நனைத்து வைத்திருந்தாள். நனைத்த இடமெல்லாம் பனிக்கட்டி பிடித்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "டீச்சர், அன்னிக்கு நீங்கதானே நனைச்சீங்க. அவர் குடிச்சாரா?"

"குடிச்சார் அக்கா."

"நல்லாக் குடிச்சாரா?"

"நல்லாக் குடிச்சார்."

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தூரிகையை வாளியில் தோய்த்தாள். நான் அந்தத் தண்ணீரை உதட்டில் வைத்தபோது ஜுன்சாகு வாயைத் திறக்கவில்லை. கியோ உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போயிற்று.